'உங்க பண்ணையில விட்டுடட்டுமா?': பிராணி கொடுக்க வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

புதுச்சேரியைச் சேர்ந்த பாகூருக்குத் தெற்கே, தென்பெண்ணை ஆற்றுக்குப் போகும் வழியில் எங்களுக்கு இரண்டு காணி நிலம். ஏக்கர் கணக்கில் இரண்டரைக்குக் கொஞ்சம் மேலே வரும். நான்கு கறவை மாடு, பதினோரு வெள்ளாடு, நாற்பது சொச்சம் நாட்டுக்கோழி, ஒரு நாய், ஒரு காளை. காளையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். மீதியில் நெல்லும் தீவனப்புல்லும். இதற்குப் 'பண்ணை' என்று பெயர் வைத்தது புதுச்சேரி டவுனில் இருக்கும் எங்கள் சொந்தக்காரர்கள். பெயர் வந்ததும் போனும் வர ஆரம்பித்தது. இத்தனை வருடத்தில் 'வேணுமா?' என்று கேட்டு வந்தவை: லாப்ரடார், ஹஸ்கி, முயல், வெள்ளை எலி, கினிக்கோழி, வான்கோழி, கிளி, ஆமை, பால் வற்றிய மாடு, ஒரு குதிரை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாய்ஸ் மெசேஜ் அனுப்பித் தொண்டை கட்டிப்போனதால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். போன் செய்வதற்கு முன்னால் ஒரு தடவை படித்துவிடுங்கள்.

அவ்வளவு இடம் கிடக்கிறதே, இன்னொன்று நின்றால் என்ன ஆகிவிடும்?

நீங்கள் பார்த்தது தை மாதத்து நிலம். பொங்கலுக்கு வந்தீர்கள், கரும்பு கடித்தீர்கள், வரப்பில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போனீர்கள். கார்த்திகையில் வந்து பாருங்கள். எங்கள் பக்கம் மழை என்றால் ஐப்பசியும் கார்த்திகையும்தான். அந்த இரண்டு மாதம் காணிக் கணக்கெல்லாம் செல்லாது. காலுக்கடியில் ஈரம் இல்லாத தரை எத்தனை அடி இருக்கிறது, அதுதான் கணக்கு.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறியபோது எங்களிடம் அப்படி இருந்தது மாட்டுக் கொட்டகையில் பாதியும் வீட்டுத் திண்ணையும்தான். ஆடு எல்லாம் திண்ணையில். கோழிகள் பஞ்சாரத்தோடு சமையலறையில். குட்டி போட்டு ஒரு வாரம் ஆன ஆட்டையும் அதன் மூன்று குட்டிகளையும் மாமியாரின் கட்டிலுக்கு அடியில் விட்டோம். "கட்டிலுக்கு மேல எனக்கு இடம் உண்டா, இல்ல அதுக்கும் யாராவது வர்றாங்களா?" என்று கேட்டார். அது முடிந்து மூச்சு விடுவதற்குள் சாத்தனூர் அணையில் திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணையில் வந்துவிட்டது. நான்கு நாள் ஆட்டுக்கு வெளியே கால் வைக்க வழியில்லை. ஈரத்தில் நின்றால் ஆட்டுக்குக் குளம்பு அழுகும், சளி நெஞ்சில் இறங்கும். அன்றிலிருந்து ஒரு பிராணியை யாராவது தருகிறேன் என்றால் நான் முதலில் மனசுக்குள் அளப்பது திண்ணையைத்தான்.

நாங்கள் இலவசமாகத்தானே தருகிறோம்?

முன்னூறு கிலோ எடையுள்ள மாடு ஒரு நாளைக்கு எட்டு ஒன்பது கிலோ உலர்ந்த தீனி தின்ன வேண்டும். உடம்பு எடையில் நூற்றுக்கு இரண்டரை முதல் மூன்று பங்கு என்பது கணக்கு. பச்சைப்புல்லாகப் போட்டால் அதில் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர், ஆகவே கட்டுக் கட்டாக அறுக்க வேண்டும். பால் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் வயிறு ஒன்றுதான்.

தீனியாவது கண்ணுக்குத் தெரிந்த செலவு. தெரியாத செலவு ஒன்று எங்கள் வீட்டிலேயே நடந்தது. சில வருடங்களுக்கு முன்னால் தெரிந்தவர் ஒருவர் வெளியூருக்கு மாறிப் போகும்போது இரண்டு பெட்டை ஆடு கொடுத்தார். கொழுகொழுவென்று, கழுத்தில் மணியெல்லாம் கட்டி. ஆசையில் அன்றைக்கே எங்கள் ஆடுகளோடு விட்டுவிட்டோம். ஐந்தாம் நாள் வந்ததில் ஒன்றுக்கு மூக்கு ஒழுகியது. இரண்டாவது வாரத்தில் எங்கள் குட்டிகள் படுக்க ஆரம்பித்தன. கண்ணில் பீளை, உடம்பில் அனல். உதட்டை விலக்கிப் பார்த்தால் ஈறு முழுக்கத் தவிடு தூவி வைத்தது போல இருந்தது. அப்புறம் கழிச்சல். டாக்டர் வாயைப் பார்த்ததுமே 'ஆட்டுக்கொல்லி' என்றார். வைரஸ் நோய், அதற்கென்று மருந்து கிடையாது, கூட வரும் சளிக்கும் கழிச்சலுக்கும்தான் பார்க்க முடியும். ஏழு போயிற்று. ஒரே ஒரு தடுப்பூசி போட்டிருந்தால் மூன்று வருடம் தாங்கும் நோய் அது. கொடுத்தவர் போட்டிருக்கிறாரா என்று நான் கேட்கவில்லை. எங்களுடையதில் அந்த வருடக் குட்டிகளுக்கு நாங்களும் போட்டிருக்கவில்லை. கொடுத்தவர்மேல் வருத்தம் இல்லை. ஆடு வரும்போது நன்றாகத்தான் இருந்தது.

'தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கலாமா' என்பார்கள். நான் பார்ப்பேன். ஈறையும் பார்ப்பேன், வாலைத் தூக்கியும் பார்ப்பேன். இப்போது எது வந்தாலும் மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் முப்பது நாள் தனியாக இருக்கும். தனித் தொட்டி, தனி வாளி. அதற்குத் தீனி வைத்துவிட்டு வருகிறவர் கால் கழுவாமல் மற்ற ஆடுகளிடம் போகக் கூடாது. இவ்வளவும் செய்கிற அளவுக்கு அந்தப் பிராணி எங்களுக்கு வேண்டுமா என்று பார்த்துத்தான் சரி என்று சொல்வோம்.

திருவிழாவில் பிள்ளைக்கு வாங்கிய கலர் கோழிக்குஞ்சு சேவலாகிவிட்டது. விடிவதற்கு முன்பே கூவுகிறது, அப்பார்ட்மெண்டில் சண்டை. எடுத்துக்கொள்கிறீர்களா?

வருகிற போனில் பாதி இதுதான். முதலில் அது என்ன கோழி என்று சொல்லிவிடுகிறேன். முட்டைக்கோழிக் குஞ்சு பொரிக்கிற இடங்களில் பெட்டைக்குத்தான் மதிப்பு. ஆண் குஞ்சு முட்டையும் போடாது, பிராய்லர் மாதிரி ஆறு வாரத்தில் கறியும் பிடிக்காது. பொரித்த அன்றைக்கே பிரித்து ஒதுக்கிவிடுவார்கள். அந்த ஒதுக்கல்தான் சாயத்தில் முக்கி எடுத்துப் பச்சையும் ரோஸுமாகத் திருவிழாக் கடைக்கு வருகிறது. முதல் வாரத்தில் அதற்கு 35 டிகிரி சூடு வேண்டும். செருப்பு டப்பாவில் வைத்து ஃபேனுக்கு அடியில் விட்டால் தாங்காது. உங்கள் வீட்டில் பிழைத்துச் சேவலாகிக் கூவுகிறது என்றால் உங்கள் பிள்ளை அதை நன்றாகப் பார்த்திருக்கிறது. அதற்கு ஒரு சபாஷ்.

ஆனால் எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். எங்களிடம் ஏற்கெனவே நான்கு இருக்கின்றன, அவை ஒன்றுக்கொன்று எல்லை பிரித்துக்கொள்ளவே ஒரு வருடம் ஆனது. வீட்டுக்குள் சோறு தின்று வளர்ந்த வெள்ளைச் சேவலை அதற்கு நடுவில் விட்டால் முதல் நாள் சாயங்காலமே கொண்டையில் ரத்தம்.

தவளக்குப்பத்தில் இருந்து ஒரு அப்பாவும் பையனும் வந்தார்கள். கட்டைப்பையில் சேவல், தலை மட்டும் வெளியே. பெயர் டைகர். இறக்கைக்கு அடியில் இன்னமும் ஒரு திட்டுப் பச்சைச் சாயம் இருக்கிறது என்று பையன் தூக்கிக் காட்டினான். எனக்குத் தெரியவில்லை, அவனுக்குத் தெரிந்தது. அப்பா அவசரமாக, "இங்க ஜாலியா இருக்கும்டா" என்றார். பையன் என்னைப் பார்த்து, "ஆண்ட்டி, இதைச் சாப்பிடுவீங்களா?" என்று கேட்டான். அப்பா தென்னை மரத்தை அண்ணாந்து பார்க்க ஆரம்பித்துவிட்டார். பிள்ளையிடம் பொய் சொல்ல வரவில்லை. "சேவல் அதிகமானா சாப்பிடுவோம்டா. பேர் வச்சிருந்தா தெரியாத மாதிரி சாப்பிடுவோம்" என்றேன். அவன் பையைக் கீழே வைக்கவே இல்லை. திரும்பிப் போய்விட்டார்கள். அப்புறம் டைகர் என்ன ஆனது என்று எனக்குத் தகவல் இல்லை.

ஆகவே பதில்: சேவல் வேண்டாம். கொடுத்தே ஆக வேண்டும் என்றால், 'அறுக்கக் கூடாது' என்ற நிபந்தனையோடு கொடுக்காதீர்கள்.

முயல்?

வேண்டாம். ஒரு தடவை பிஸ்கட் அட்டைப்பெட்டியில் இரண்டு வெள்ளை முயல் வந்தன. இரண்டும் பெண் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். ஒன்றின் பெயர் ஸ்வீட்டி, இன்னொன்று ஸ்வேதா. ஸ்வேதா ஆண். முயல் 31 நாளில் ஈனும், ஈன்ற அன்றே மறுபடி சினை பிடிக்கும். அந்தச் சித்திரையில் ஈரச் சாக்கு மாற்றி மாற்றிப் போட்டே எனக்குக் கை ஓய்ந்தது, கத்திரி வெயிலில் முயல் வாயைத் திறந்து மூச்சு வாங்கும். 'புல் தின்னும், செலவே இல்லை' என்று சொன்னவரை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

எங்கள் நாய் நல்ல ஜாதி. உங்களுக்கும் காவல் ஆயிற்றே?

காவலுக்கு வந்த ஒரு லாப்ரடாரின் கதையைச் சொல்கிறேன். நான்கு வயது, பெயர் புரூனோ, தங்கமான குணம். வந்த அன்று ராத்திரி என் வீட்டுக்காரர் காலடியிலேயே படுத்துக்கொண்டது. மறுநாள் காலையில் கதவைத் திறந்தால் வாசலில் ஒன்பது கோழி வரிசையாகக் கிடக்கிறது. ஒன்றில்கூடப் பெரிய காயம் இல்லை. பத்தாவதை வாயில் கவ்விக்கொண்டு வாலை ஆட்டியபடி ஓடி வந்து என் காலடியில் வைத்துவிட்டு, 'போடு, மறுபடி எடுத்து வருகிறேன்' என்று என் முகத்தைப் பார்க்கிறது. பந்து எடுத்து வரச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், அதற்கு அது பந்து. அடிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. இரண்டு வாரம் சங்கிலியில் வைத்திருந்து, வில்லியனூர் பக்கம் கோழியே வளர்க்காத ஒரு ரிட்டையர்டு வாத்தியார் வீட்டில் சேர்த்தோம். அங்கே சௌக்கியமாக இருக்கிறது.

எங்கள் நாய் சாதாரண நாட்டு நாய்தான். கண் திறக்காத குட்டியிலிருந்து கோழிகளுக்கு நடுவில் வளர்ந்தது, தாய்க்கோழியிடம் இரண்டு தடவை கொத்து வாங்கியது. அந்தக் கொத்துதான் பயிற்சி. டவுன் நாய்க்கு நான்கு வயதுக்கு மேல் அதைச் சொல்லித்தர எங்களுக்கு வராது. ஹஸ்கியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பனிப்பிரதேசத்து நாயை லாஸ்பேட்டை மொட்டைமாடியில் கட்டிவைத்த யோசனை யாருடையதோ, அதைச் சமாளிக்கிற யோசனையும் அவர்களிடமே இருக்கட்டும்.

தெருநாயைப் பிடித்து வந்து விடுகிறோம் என்று ஒரு குடியிருப்போர் சங்கத்தில் இருந்து கேட்டார்கள். அது விதிக்கே விரோதம். 2023-ஆம் வருடத்து விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி தெருநாயைப் பிடித்தால் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும். உங்கள் தெருநாய் என் கோழிக்குப் பக்கத்தில் வந்து திருந்திவிடும் என்று ஏன் தோன்றுகிறது என்பது வேறு கேள்வி.

பால் வற்றிவிட்டது, ஊசி போட்டும் சினை நிற்கவில்லை. அந்த மாட்டை? காளைக் கன்றை?

இதற்கு மட்டும் எனக்கு நிறுத்தித்தான் பதில் சொல்ல வரும். காரணம், கேட்கிறவர்கள் டவுன்காரர்கள் இல்லை. எங்களைப் போல இரண்டு மாடு, மூன்று மாடு வைத்து சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறவர்கள்.

காளைக் கன்றை ஏன் யாரும் வைத்துக்கொள்வதில்லை என்று புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். உழவுக்கு டிராக்டர் வந்தாயிற்று. சினைக்கு ஊசி வந்தாயிற்று. ஜெர்சி கலப்புக் காளைக்குத் திமிலும் சரியாக இராது, நுகத்தடி நிற்காது, வெயிலும் தாங்காது. பிறந்த கன்று 25 கிலோ என்று வையுங்கள், உடம்பில் பத்தில் ஒரு பங்கு பால் குடிக்க வேண்டும், நாளைக்கு இரண்டரை லிட்டர். அது சொசைட்டியில் ஊற்றியிருந்தால் காசு. அப்படிக் கணக்குப் போடுகிறவரை நான் நல்லவர் என்று சொல்ல மாட்டேன், ஆனால் கணக்கு எனக்கும் தெரியும்.

எங்கள் காளைக்குப் பெயர் 'கேட்டு', வாசல் கேட்டில் கிடைத்ததால். அது வந்தது ஓர் ஆவணி விடியற்காலை. பால் கறக்க எழுந்த என் வீட்டுக்காரர் "யாரோ கேட்டைத் தட்டறாங்க" என்றார். போய்ப் பார்த்தால் கேட்டுக் கம்பியில் பழைய நைலக்ஸ் புடவைக் கிழிசலால் கட்டி, செவலைக் கன்று ஒன்று. கம்பியை முட்டிக்கொண்டிருந்தது. தொப்புள்கொடி இன்னும் ஈரமாக இருந்தது. பிறந்து ஒரு நாள் ஆகியிருந்தால் அதிகம். கன்று பிறந்த சில மணி நேரத்துக்குள் சீம்பால் உள்ளே போகாவிட்டால் நோய் தாங்கும் சக்தியே வராது. இது குடித்ததோ இல்லையோ, யாருக்குத் தெரியும். நல்லவேளை, முந்தின நாள் எங்கள் மாடு ஒன்று ஈன்றிருந்தது. அதனிடம் கொண்டுபோனால் உதைத்துத் தள்ளிவிட்டது. அப்புறம் வாளியில் கறந்து, விரலைப் பாலில் தோய்த்து வாயில் வைத்து, அது விரலைச் சப்பச் சப்ப மெல்லக் கையை வாளிக்குள் இறக்கி... மூன்றாவது நாள்தான் விரல் இல்லாமல் குடித்தது. அந்த நாக்கு அரம் மாதிரி இருக்கும். விரல் நுனி தோல் உரிந்துபோயிற்று.

இப்போது அதற்கு நான்கு வயது. எந்த வேலையும் செய்வதில்லை. சாணி போடும், கேட்டுக்குப் பக்கத்திலேயே நிற்கும், வேளைக்கு வயிறு நிறையத் தின்னும். மாமியார் அதை 'மருமகப்புள்ள' என்றுதான் கூப்பிடுகிறார்.

ஒன்று இருக்கிறது என்பதால் இரண்டாவது முடியாது. எங்கள் மாடுகள் ஈன்ற காளைக் கன்றுகளை நாங்கள் மதகடிப்பட்டுச் சந்தையில் விற்றிருக்கிறோம். வாங்கினவர் எங்கே கொண்டுபோவார் என்று தெரியாது என்று சொன்னால் அது பொய். அதனால் உங்களுக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். பாலினம் பிரித்த உறைவிந்து ஊசி இப்போது கிடைக்கிறது, பத்துக்கு ஒன்பது கிடேரியாக, அதாவது பெண் கன்றாகப் பிறக்கும். உங்கள் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். சாதாரண ஊசியைவிட விலை கூடுதல்தான். எங்கள் 'கேட்டு' தின்கிற வைக்கோலோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

சினை நிற்காத மாடு என்றால் கொடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை டாக்டரை வைத்துக் கருப்பை பார்த்துவிடுங்கள். தாது உப்புக் கலவை போடாமல், வெறும் வைக்கோலும் தவிடுமாகப் போட்டுவிட்டு 'மலடு' என்று பட்டம் கட்டின மாடுகளைப் பார்த்திருக்கிறேன். ஒன்று வாங்கிப்போனவர் வீட்டில் ஆறாம் மாதம் சினையானது. விற்றவர் இன்னும் அந்தத் தெரு வழியாகப் போவதில்லை.

கிளி, ஆமை?

கண்டிப்பாக வேண்டாம். பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பதே 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நட்சத்திர ஆமையும் அப்படித்தான். நீங்கள் கொடுத்து நான் வாங்கினால் குற்றவாளி இரண்டு பேர் ஆவோம், அவ்வளவுதான். வனத்துறையிடம் ஒப்படையுங்கள். இறக்கையை வெட்டின கிளியைத் தோப்பில் பறக்கவிடச் சொல்லாதீர்கள், அன்றைக்கே காக்கை பார்த்துக்கொள்ளும்.

கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு போட்ட குட்டி ஆமை வேறு கதை. அது அமெரிக்க ஆற்று ஆமை. சட்டைப் பாக்கெட்டில் போடும் அளவில் வாங்குவீர்கள், சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளரும், இருபது முப்பது வருடம் இருக்கும். தொட்டி போதவில்லை என்று ஊசுட்டேரியிலோ பாகூர் ஏரியிலோ விட்டுவிடாதீர்கள். நம்மூர் ஆமைக்கும் மீனுக்கும் இருக்கிற இரையை அது காலி செய்துவிடும்.

ஈமு?

2012-இல் கொங்குப் பக்கம் ஈமு கம்பெனிகள் கவிழ்ந்து பறவைகள் தீனியில்லாமல் நின்றதை மறந்துவிட்டீர்களா? வேண்டாம்.

மாதாமாதம் செலவுக்குப் பணம் அனுப்புகிறோமே?

முதல் மாதம் வரும். இரண்டாவது மாதம் 'அக்கா, அஞ்சாம் தேதி போடறேன்' என்று மெசேஜ் வரும். மூன்றாவது மாதம் டிபியில் இருக்கும் நாய் போட்டோ மாறிவிடும். கோபித்துக்கொள்ளாதீர்கள், மூன்று பேரிடம் பார்த்தாயிற்று.

வள்ளலார் பிறந்த ஜில்லாவுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இப்படிப் பேசலாமா? பாவம் இல்லையா?

இதையும் கேட்கிறார்கள், அதுவும் காரை ஆஃப் பண்ணாமல். வடலூர் தருமசாலையில் 1867-இல் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது, உண்மைதான். அந்த அடுப்புக்கு ஊர் ஊராக அரிசி மூட்டையும் காய்கறியும் போய்க்கொண்டே இருக்கிறது. பசித்தவரை மட்டும் கொண்டுபோய் இறக்கிவிட்டு, புண்ணியம் நமக்கு என்று யாரும் திரும்பி வருவதில்லை. நீங்கள் முயலோடு ஒரு மூட்டைத் தீவனமாவது எடுத்து வந்தீர்களா?

இதுவரை ஒருவர் எடுத்து வந்திருக்கிறார். கடலூர் முதுநகரில் இருந்து ஒரு அம்மா. ஐந்து வாத்து, ஒரு மூட்டை தவிடு, வாத்துகள் குளிக்க ஒரு பிளாஸ்டிக் தொட்டி. வாத்துகளை வாங்கிக்கொண்டேன்.

அப்படியென்றால் எதைத்தான் வாங்குவீர்கள்?

முட்டை வைக்கிற நாட்டுக்கோழி, தடுப்பூசி போட்ட பெட்டை ஆடு, வாத்து. வான்கோழி ஒன்றிரண்டு என்றால் யோசிப்பேன். கினிக்கோழி பாம்பு வந்தால் கத்தும் என்பார்கள். பாம்பு வராவிட்டாலும் கத்தும், ஆகவே இல்லை. வருவதற்கு முன்னால் நான் கேட்பது: வயது என்ன, கடைசியாக என்ன ஊசி, எப்போது குடற்புழு மருந்து கொடுத்தீர்கள், இப்போது என்ன தின்கிறது, ஏன் கொடுக்கிறீர்கள். கடைசிக் கேள்விக்கு நேரான பதில் வந்தால் பாதி சம்மதம் ஆனது மாதிரி. 'கடிக்கும்' என்று முன்கூட்டியே சொன்னவர்களிடம் வாங்கியிருக்கிறேன். 'ஒன்றுமே பண்ணாது' என்று சொன்னவர்களிடம் பயம். மாடு என்றால் காதில் இருக்கும் பன்னிரண்டு இலக்கத் தோட்டு எண்ணை உங்கள் பெயரிலிருந்து மாற்றிக் கொடுக்க நீங்களே வர வேண்டும்.

நீங்கள் வாங்க மாட்டீர்கள். நாங்கள் வேறு என்னதான் செய்வது?

முதலில், கொடுக்கிற காரணம் தீரக்கூடியதா என்று பாருங்கள். சேவல் ராத்திரி கூவுகிறதா? கழுத்தை நிமிர்த்த முடியாத உயரத்தில் காற்றோட்டமுள்ள இருட்டுப் பெட்டியில் ராத்திரி விட்டுவைத்து, விடிந்தபின் திறந்துவிட்டால் சத்தம் பெருமளவு குறையும். மாட்டுக்கு மடியில் கட்டியா, நாய்க்குச் சொறியா? குருமாம்பேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கே காட்டுங்கள். அது ஆஸ்பத்திரிதான், விட்டுவிட்டு வருகிற இடம் இல்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்கள், அதாவது தமிழ்நாட்டு ஊர்க்காரர்கள், 1962-க்கு அடித்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும். இந்த எல்லைக் கூத்து எங்கள் பக்கம் தனி. ஒரே வரப்பில் மேயும் இரண்டு ஆட்டுக்கு இரண்டு அரசாங்கம்.

கொடுத்தே ஆக வேண்டும் என்றால், என் அனுபவத்தில் நல்ல இடம் கால்நடை மருந்தகத்துக் காலை வரிசை. எட்டு மணிக்குப் போங்கள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு, துண்டால் மாட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டு நிற்கிறவர்களைப் பாருங்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பிராணிக்காக வந்து நிற்கிறவர்கள் அவர்கள். அவர்களிடம் பேச்சுக் கொடுங்கள். எங்கள் ஸ்வீட்டி, ஸ்வேதா குடும்பம் முழுவதும் அப்படித்தான் வீடு சேர்ந்தது, ஒரே வாரத்தில்.

சந்தையும் வழிதான். மதகடிப்பட்டில் செவ்வாய்க்கிழமை மாட்டுச் சந்தை, கடலூர் மாவட்டத்தில் வேப்பூரில் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை. தரகர்கள் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள், நீங்கள் பக்கத்திலேயே நின்றாலும் தொகை தெரியாது. வளர்க்கிறவரும் வாங்குவார், அறுக்கிறவரும் வாங்குவார். வாங்கினபின் அவர் பொருள். அது மனசுக்கு ஒப்பாது என்றால் சந்தைக்குப் போகாதீர்கள். ஒப்பும், ஆனால் நம் கண்ணுக்கு முன்னால் வேண்டாம் என்றால், அதற்காக என் கேட்டுக்கு வராதீர்கள்.

கோசாலைக்குக் கொடுப்பதாக இருந்தால் ஒரு தடவை பகல் வேளையில் போய், மாடுகளின் விலா எலும்பைப் பார்த்துவிட்டு வந்து முடிவு பண்ணுங்கள்.

சொல்லாமல் ராத்திரியில் கேட்டில் விட்டுப் போனால் என்ன செய்வீர்கள்?

பட்டினியிலும் தாகத்திலும் கிடக்கும்படி பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு பிராணி வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் குற்றம். முதல் தடவைக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. சிரிக்காதீர்கள், சட்டத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. கன்னியக்கோயில் டீக்கடையில் நான்கு பேர் டீயும் வடையும் சாப்பிட்டால் அதற்கு மேல் ஆகும். அதனால் சட்டத்தைக் காட்டி உங்களைப் பயமுறுத்த எனக்கு ஆசை இல்லை.

போன சித்திரையில் யாரோ உரச்சாக்கில் மூன்று கோழியைக் கட்டி மதிலுக்கு இந்தப் பக்கம் இறக்கிவிட்டுப் போயிருந்தார்கள். நாங்கள் அன்று ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். சாயங்காலம் திரும்பி வந்து சாக்கை அவிழ்த்தேன். சாக்கின் ஒரு மூலையில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை கொத்தியிருந்தது. சாக்கைக் கட்டினவர் அதற்குள் ஒரு பிடி அரிசியும் போட்டிருந்தார்.

கொடுக்கவில்லை, பிள்ளைகளோடு சும்மா பார்க்க வரலாமா?

தாராளமாக வாருங்கள். செவ்வாய்க்கிழமை வேண்டாம், சந்தைக்குப் போயிருப்போம். சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் என்றால் பால் கறப்பதையும் பார்க்கலாம். கன்னியக்கோயிலில் திரும்பி பாகூர் வந்து எங்கள் ஊர்ப் பெயரைக் கேட்டால் வழி சொல்வார்கள். கேட்டைத் திறந்ததும் செவலையாக ஒருவன் வந்து மேலே உரசுவான், பயப்பட வேண்டாம், அவனுக்கு வாழைப்பழத் தோல் பிடிக்கும். பழத்தை நீங்கள் சாப்பிட்டுக்கொள்ளுங்கள். காரில் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி ஏதாவது இருந்தால் மட்டும் அதை வெளியிலேயே நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள்.